பார்வை நேரம்: மதுரை, 2016

அக்டோபர் 8, சனி
காலை ஏழரைக்குப் பத்து நிமிடம், மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம். ஒருவர்தான் உள்ளே போகலாம். காலையில் அண்ணன் போனான், மாலையில் நான். அம்மா கண் திறந்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 9
வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் இல்லை.

அக்டோபர் 11, செவ்வாய்
விஜயதசமி. நர்ஸ்கள் பொரி கொடுத்தார்கள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

காத்திருக்கும் ஹாலில் நாள் முழுக்க டிவி ஓடுகிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். "கண்ணு முழிச்சுட்டாங்க" என்றேன். "அப்படியா, எந்த சேனல்ல சொன்னாங்க?" என்று எழுந்தே விட்டார். இனி இந்த நோட்டில் அம்மா என்றால் என் அம்மாதான். ஊரே அம்மா என்கிற ஜெயலலிதாவை முதலமைச்சர் என்று எழுதப்போகிறேன்.

இரவு செய்தி: முதலமைச்சரிடம் இருந்த துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றம். பதவியில் முதலமைச்சரே தொடர்கிறார். முதலமைச்சரின் ஆலோசனைப்படி இந்த ஏற்பாடு என்று ஆளுநர் அறிக்கையில் இருக்கிறது. செப்டம்பர் 22 இரவு அப்பல்லோவில் சேர்ந்தவர். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று ஆரம்பித்து இப்போது சுவாசக் கருவி வரை வந்திருக்கிறது. 19 நாளாக ஒரு படம் வெளியே வரவில்லை. ஆலோசனை சொல்ல முடிகிறவர் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஐசியூவில் பேச்சு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரியும். அப்படியானால் அதைச் சொல்லட்டும். பேச முடியவில்லை என்று சொன்னால் யார் கோபப்படப் போகிறார்கள்?

அக்டோபர் 14
டாக்டர் ரவுண்ட்ஸ் வரவில்லை.

அக்டோபர் 17
அம்மா ஒரு சொல் சொன்னாள். "சாவி."

அக்டோபர் 20, வியாழன்
வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டில். "சாவி" மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா என்றால் சாவி. வலிக்கிறதா என்றால் சாவி. அண்ணன் பீரோ சாவி, வாசல் சாவி, அவளுடைய டிரங்குப் பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கொண்டுவந்து காட்டினான். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நேற்று அமைச்சரவைக் கூட்டம் நடந்திருக்கிறது. மேசைமேல் முதலமைச்சரின் படத்தை வைத்துக் கூடியிருக்கிறார்கள். பேப்பரில் அந்தப் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவே சட்டம் போட்ட சிரித்த முகம். எட்டாம் வகுப்பில் அமைச்சரவை பாடம் நடத்துகிறவள் நான். கூட்டுப் பொறுப்பு என்று போர்டில் எழுதி அடிக்கோடு போடுவேன். இதை எப்படி நடத்துவது?

அக்டோபர் 21
சாவி பள்ளிக்கூடத்துச் சாவியாக இருக்குமோ?

அம்மா 1982இல் வேலைக்குச் சேர்ந்தாள். ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்த வருடம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. விதவைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். முப்பது வயதில், திருமங்கலம் பக்கத்தில் ஒரு ஊராட்சிப் பள்ளியில் அமைப்பாளர். 28 வருடம் அந்த ஸ்டோர் ரூம் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. குழந்தைக்கு 100 கிராம் அரிசி என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து அளந்து போடுவாள். இருப்புப் பதிவேட்டில் அன்றன்றைக்கே எழுதிவிடுவாள். அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வருவார். கதவைத் திற, நோட்டை எடு என்பார். எந்த நாளும் அவள் "நாளைக்கு வாங்க" என்று சொன்னதில்லை.

நடிகர் ஆளலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த ஸ்டோர் ரூம்தான் ஞாபகம் வரும். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். நடத்தியே தீருவேன் என்று நின்றவர் சினிமாவிலிருந்து வந்தவர். பசி என்றால் என்ன என்று அவருக்கு ஏட்டில் படித்துத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. நானும் அண்ணனும் அந்தச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள். இதை மறைத்துவிட்டு வேறு எதையும் எழுதக் கூடாது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் மதிய உணவை 1956இலேயே தொடங்கியவர் காமராஜர். திரையில் முகம் இல்லாத மனிதர். 1967இல் விருதுநகரில் அவரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அதே தேர்தலில், ஜனவரியில் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஜெயித்தார். கழுத்துக் கட்டுடன் அவர் இருக்கிற போஸ்டரைச் சின்ன வயதில் பார்த்ததாக அம்மா சொல்வாள். சோறு போட்டவர் தோற்கிறார், கட்டுப்போட்ட முகம் ஜெயிக்கிறது. காமராஜர் தோற்றதற்கு அரிசிப் பஞ்சம், இந்தி என்று வேறு காரணங்கள் உண்டு, பாடத்தில் சொல்கிறேன். இருந்தாலும் உறுத்துகிறது.

அக்டோபர் 23, ஞாயிறு
அண்ணனோடு சண்டை. வார்டு வராந்தாவில் நின்று, குரலை அடக்கிக்கொண்டு.

2005 செப்டம்பரில் விஜயகாந்த் மதுரையில் கட்சி ஆரம்பித்தபோது அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுப் போனவன். விருத்தாசலத்தில் அவர் ஜெயித்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தான். 2011இல் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர். இந்த மே மாதம் உளுந்தூர்ப்பேட்டையில் டெபாசிட் போயிற்று. அதிலிருந்து அண்ணன் அரசியல் பேசுவதில்லை. இன்று நான்தான் கிளறிவிட்டேன்.

"அவர் வீட்டுக்கு யாரு போனாலும் சாப்பாடு போட்டவருடா பாப்பா. அந்த மாதிரி மனசு எந்த அரசியல்வாதிக்கு இருக்கு?"

"மனசு இருக்குண்ணே. சட்டசபைக்கு எத்தனை நாள் போனார்? எதிர்க்கட்சித் தலைவர்னா அங்க உட்கார்ந்து கேள்வி கேக்கறதுதானே வேலை."

அவன் பதில் சொல்லவில்லை. டீ வாங்கப் போய்விட்டான். இரண்டு டீயோடு வந்தான். எனக்கு அழுகை வந்தது. அவன் ஏமாந்தது அந்த மனிதரிடம் இல்லை. திரையில் பார்த்த தைரியத்தை நிஜமென்று நம்பினான். மூன்று மணி நேரத்தில் வில்லனை முடித்துவிடுகிற ஆள் கோப்புகளையும் அப்படியே முடித்துவிடுவார் என்று நம்பினான். சிவாஜி அவ்வளவு பெரிய நடிகர், 1988இல் தனிக்கட்சி கண்டு 1989இல் திருவையாறில் தோற்றார். ஆக ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டும் போடுவதில்லை. பின் எதைப் பார்த்துப் போடுகிறார்கள்?

அக்டோபர் 29, சனி
தீபாவளி. வார்டில் பாதிக் கட்டில் காலி. பெரியாஸ்பத்திரிப் பக்கம் அம்மா உணவகத்தில் அண்ணன் இட்லி வாங்கி வந்தான். இட்லி ஒரு ரூபாய்தான், சூடாக இருந்தது. இந்த மூன்று வாரத்தில் எங்களுக்குப் பலநாள் சாப்பாடு அங்கேதான். மகளிர் காவல் நிலையங்களும் முதலமைச்சர் கொண்டுவந்தவை, 1992. என் மாணவி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போயிருக்கிறேன். ஆண்கள் மட்டும் இருந்த இடமென்றால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அவர் நடிகையாக மட்டும் இருந்துவிட்டு நேராக நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் இல்லை. 1982இல் கட்சி, 84இல் மாநிலங்களவை, 89இல் எதிர்க்கட்சித் தலைவர், 91இல்தான் முதல்வர். ஆந்திராவில் என்.டி.ஆர். கட்சி தொடங்கி ஒன்பதே மாதத்தில் முதல்வர் ஆனார். இவருக்கு ஒன்பது வருடப் பாடம் இருந்தது.

அப்படிப்பட்டவரே இப்படி மறைந்துபோக முடிகிறது என்றால்?

திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் வேட்பாளர் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் முதலமைச்சரின் கைரேகையாம். வலது கையில் வீக்கம் என்பதால் இடது பெருவிரல். ஒரு அரசு டாக்டர் சான்று கொடுத்திருக்கிறார்.

இது எங்கள் தொகுதி. மே மாதம் ஜெயித்தவர் பதவி ஏற்பதற்கு முன்பே இறந்துபோனார்.

அக்டோபர் 31
அம்மாவின் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும். பென்ஷன் சேர்ந்த பணம். வலது கை இல்லை. இடது பெருவிரலில் மை தடவி நான்தான் அழுத்தினேன். விரல் சில்லென்று இருந்தது. யாருடைய கையையோ பிடித்த மாதிரி இருந்தது. அவளுக்குப் புரிந்துதான் வைத்தாளா? டாக்டரிடம் கையெழுத்து வாங்க இரண்டு நாள்.

நவம்பர் 3
சாவி. சாவி. சாவி.

நவம்பர் 9, புதன்
பில் கட்டப் போனால் ஐந்நூறு, ஆயிரம் வாங்க மாட்டோம் என்கிறார்கள். நேற்று இரவு எட்டு மணிக்கு பிரதமர் டிவியில் சொல்லிவிட்டார். கையில் இருப்பது முழுக்க ஐந்நூறு. அண்ணன் நூறு ரூபாய்த் தாளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறான்.

மத்தியானம் அமெரிக்காவில் டிரம்ப். ஹாலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஒரு டிவி நிகழ்ச்சியில் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "உனக்கு வேலை இல்லை" என்று சொன்னவர். அந்த அறை நிகழ்ச்சிக்காகப் போட்ட செட். முடிவெடுக்கிற மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று ஜனங்கள் வாராவாரம் பார்த்துப் பழகிவிட்டார்கள். எந்த அரசுப் பதவியும் வகிக்காமல், ராணுவத்திலும் இல்லாமல் அங்கே ஜனாதிபதியாகிறவர் இவர்தான் முதல். ரீகனும் நடிகர்தான் என்று பசங்க கேட்பார்கள். ரீகன் எட்டு வருடம் கலிபோர்னியாவின் கவர்னர். பட்ஜெட் போட்டவர், சட்டமன்றத்தோடு மல்லுக்கட்டியவர். பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, பார்த்து எடைபோட ஒரு பதிவேடு இருந்தது.

நம்மூரில் அண்ணாவும் கலைஞரும் நாடகம், சினிமா எழுதியவர்கள். ஆனால் ஜெயிலுக்கும் போனார்கள், சட்டசபையில் எதிர் வரிசையிலும் உட்கார்ந்தார்கள். கலைஞர் 1957இல் குளித்தலை எம்.எல்.ஏ., முதல்வரானது 69இல். எங்கிருந்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. வருகிற வழியில் யாருக்காவது பதில் சொல்லிப் பழகினாரா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 10
ஒரு நர்ஸ் இரண்டாயிரத்துக்கு நூறு நூறாகக் கொடுத்தாள். அவள் பெயரை எழுதக் கூடாது. மறக்க மாட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு
முதலமைச்சரின் அறிக்கை. மக்களின் பிரார்த்தனையால் மறுபிறவி எடுத்திருப்பதாக. இடைத்தேர்தலில் வாக்களிக்கும்படி. பக்கத்துக் கட்டில் அம்மாள் சத்தமாக வாசித்தார், எல்லோரும் கேட்டார்கள், இரண்டு பேர் அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. அவர் பிழைக்க வேண்டும் என்று நானும் மனதாரக் கும்பிட்டிருக்கிறேன். 

1984 ஞாபகம் வருகிறது. எனக்கு எட்டு வயது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளினில். அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் படம் எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். ஆண்டிபட்டிக்கு வராமலே ஜெயித்தார். அம்மாவும் போட்டாள். அந்த மாதங்களில் அவள் பள்ளிக்கு அரிசி தாமதமாக வந்ததாம், யாரிடம் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லையாம். தலைவர் வரட்டும் என்றார்களாம். அதையும் அவளே சொல்லியிருக்கிறாள், ஓட்டுப் போட்டதையும் அவளே சொல்வாள், இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்ததில்லை.

அப்போது படமாவது காட்டினார்கள்.

நவம்பர் 19, சனி
ஓட்டுப் போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரி. விரலில் மை. அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாழ்நாளில் முதல் தடவை போடாமல் விட்டது.

சாயங்காலம் முதலமைச்சரைத் தனி அறைக்கு மாற்றியதாகச் செய்தி. பட்டாசு.

நவம்பர் 22
இரட்டை இலை ஜெயித்தது. மூன்று தொகுதியிலும்.

நவம்பர் 26
வீடு. திருநகரில் காற்று நன்றாக இருக்கிறது. கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். பிசியோதெரபி பையன் தினமும் காலை வருவான்.

டிசம்பர் 1
"சாவி" குறைந்து "சோறு" வந்திருக்கிறது. தெளிவாக.

டிசம்பர் 4, ஞாயிறு
இரவு. முதலமைச்சருக்கு மாரடைப்பு. தூங்கவில்லை.

டிசம்பர் 5, திங்கள்
மாலை ஐந்தரைக்குச் சில சேனல்கள் இறந்துவிட்டார் என்றன. கட்சி அலுவலகத்தில் கொடியை இறக்கினார்கள். பிறகு இல்லை என்றார்கள், கொடியை ஏற்றினார்கள். கடைகள் சாத்தியாயிற்று. பிசியோ பையன் வரவில்லை. பால் கிடைக்கவில்லை. இத்தனை நாள் மூடிவைத்தவர்களுக்கு, இந்த ஒரு மணி நேரத்தில் நிஜம் எது என்று சொல்ல முடியவில்லை. சொன்னாலும் யார் நம்புவது? எழுபது நாளாக நம்பும் பழக்கத்தையே கெடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 6, செவ்வாய்
நேற்று இரவு 11.30 என்று அறிவித்தார்கள். விடிவதற்குள் புது முதல்வர் பதவியேற்றும் முடிந்தது.

ராஜாஜி ஹாலில் பச்சைப் புடவையில். 75 நாள் கழித்து முகம்.

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்தேன். பார்க்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னான், நான் கேட்கவில்லை. ரொம்ப நேரம் டிவியையே பார்த்தாள். இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எப்ப?" என்றாள். புதுச் சொல். இவ்வளவு நாளில் முதல் கேள்வி.

நேற்று ராத்திரி என்றேன். தலையை ஆட்டினாள், அது இல்லை என்பது போல. திரும்பவும் "எப்ப?"

எனக்குத் தெரியவில்லை அம்மா.

சாயங்காலம் மெரினாவில், எம்.ஜி.ஆர். பக்கத்தில்.

டிசம்பர் 7
பள்ளிக்கு விடுமுறை. ஊரே அழுகிறது, நானும்தான். ஒரு பெண், அவ்வளவு ஆண்களுக்கு நடுவே அத்தனை வருடம். அவருக்கு இப்படி ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் முடிந்திருக்கக் கூடாது.

டிசம்பர் 9, வெள்ளி
படிவத்தை பாங்கில் திருப்பிவிட்டார்கள். டாக்டர் சான்றில் சீல் இல்லையாம், கைரேகை மட்டும் போதாதாம். எவ்வளவோ சொன்னேன். ஆள் உயிரோடு, நினைவோடு இருக்கிறார் என்று அவர்களே நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை ஒருவர் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்குத் தலை சீவி, நீலப் புடவை கட்டி உட்காரவைக்க வேண்டும். அண்ணனைச் சீக்கிரம் வரச் சொல்ல