புளிக்குள் இருக்கும் மாற்றியம்

ஒரே வகை அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டிருந்தும் அமைப்பில் வேறுபடும் சேர்மங்களே மாற்றியங்கள். பதினோராம் வகுப்பு வேதியியலில் மாற்றியம் என்ற பகுதி வந்தவுடன், சங்கிலி மாற்றியம், இட மாற்றியம், வினைச்செயல் தொகுதி மாற்றியம், வடிவ மாற்றியம், ஒளி சுழற்சி மாற்றியம் என்று பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்களே அதிகம். தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இப்பாடத்தைக் கற்பித்துவரும் எனக்கு, அந்த வரிசையைக் காட்டிலும் ஒரே ஒரு கேள்வி பெரிதும் உதவுகிறது. ஒரு மாற்றியத்தை மற்றொன்றாக ஆக்க வேண்டுமானால் எந்தப் பிணைப்பை முறிக்க வேண்டும்?

எத்தனாலிலும் டைமெத்தில் ஈதரிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. முன்னது 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும். பின்னதோ மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ஒன்றை மற்றொன்றாக்க, அணுக்களை நேராக இணைக்கும் சிக்மா பிணைப்புகளையே முறித்து மீண்டும் கட்ட வேண்டும். அணுக்கள் இணைந்துள்ள வரிசையே வேறுபடும் அமைப்பு மாற்றியங்கள் அனைத்தும் இவ்வகையே என்பதால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இயங்கு சமநிலை மாற்றியத்தில் மட்டும் ஒரு புரோட்டான் தானாகவே இடம் மாறிக்கொண்டிருப்பதால், இரு வடிவங்களும் ஒரே குப்பிக்குள் சேர்ந்தே இருக்கும்.

வடிவ மாற்றியத்தில் முறிய வேண்டியது, இரட்டைப் பிணைப்பில் சிக்மாவுடன் சேர்ந்திருக்கும் பை பிணைப்பு. ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழல மோலுக்கு ஏறத்தாழ 12 கிலோஜூல் போதும். இரட்டைப் பிணைப்பிலோ அதற்கு 270 கிலோஜூல் அளவுக்குத் தேவைப்படும். அதனால்தான், இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய வடிவத்தில் மட்டும் வேறுபடும் மெலியிக் அமிலமும் பியூமரிக் அமிலமும் தனித்தனிப் புட்டிகளில் நிலைத்திருக்கின்றன. மெலியிக் அமிலத்தைச் சூடாக்கினால், ஒரே பக்கத்தில் உள்ள இரு கார்பாக்சில் (COOH) தொகுதிகளும் நீரை இழந்து எளிதில் வளையமாகிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் அவற்றைக் கொண்ட பியூமரிக் அமிலத்தில் இது எளிதில் நடவாது.

ஒளி சுழற்சி மாற்றியத்தைக் கற்பிக்க நம் மாவட்டத்தில் புளியை விடச் சிறந்த பொருள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மாசி, பங்குனியில் ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை எடுத்துக் குவிக்கும் புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் டார்டாரிக் அமிலம். இந்த இயலின் வரலாறே அந்த அமிலத்தில்தான் தொடங்குகிறது. டார்டாரிக் அமிலமும், அதே இயைபுடைய ரசிமிக் அமிலமும் வெவ்வேறு பொருள்கள் என்பதைக் கண்டபோதுதான் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1830-இல் மாற்றியம் என்ற கருத்துக்குப் பெயரிட்டார். 1848-இல் லூயி பாஸ்டர், ரசிமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்த இருவகைப் படிகங்களைக் கையாலேயே பிரித்தெடுத்தார். ஒருவகைப் படிகத்தின் கரைசல் முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்புறமும் மற்றது அதே அளவு இடப்புறமும் சுழற்றின. சம அளவில் கலந்தபோது சுழற்சியே இல்லை. பாடநூல் சுழிமாய்க் கலவை என்று சொல்வது இதைத்தான். சுமார் 27 டிகிரிக்கு மேல் அந்த உப்பு இப்படிப் பிரிந்து படிகமாவதில்லை. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் அதே சோதனையைச் செய்திருந்தால் இரு வடிவங்களும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்தே அமைந்திருக்கும்.

இந்தக் கண்ணாடி பிம்ப வடிவங்களுக்குக் காரணமாக, கார்பனின் நான்கு பிணைப்புகள் நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்ற விளக்கத்தை வேதியியலாளர்கள் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874-இல் தனித்தனியே அளித்தனர். இதைக் கரும்பலகையில் தட்டையாக வரைந்து காட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளைச் செருகி, முனைகளில் மஞ்சள், குங்குமம், கரி, சுண்ணாம்பு தடவிய சிறு உருண்டைகளைப் பொருத்தி, அதன் கண்ணாடி பிம்பத்தையும் செய்யச் சொல்கிறேன். எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றின் மேல் பொருந்தாது என்பதை மாணவரின் கை அறிந்துகொள்கிறது. இரண்டு குச்சிகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினால்தான் பொருந்தும். பிணைப்பு முறிய வேண்டும் என்பதன் பொருள் அங்கே விளங்கிவிடும்.

டார்டாரிக் அமிலத்தில் சீர்மையற்ற கார்பன்கள், அதாவது நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்கள், இரண்டு இருப்பதால் நான்கு மாற்றியங்கள் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் மூன்றே. மீசோ வடிவத்தில் மூலக்கூறின் ஒரு பாதி மறு பாதியின் பிம்பமாக அமைவதால், ஒரு பாதியின் சுழற்சியை மறு பாதி ஈடுசெய்துவிடுகிறது. புளியில் இருப்பது வலஞ்சுழி வடிவம். ஆயினும் அதன் அமைப்பை, இடப்புறத்தை நினைவூட்டும் எல் (L) என்ற எழுத்தால் குறிக்கிறோம். அமைப்பைச் சொல்லும் எழுத்துக்கும் சுழற்றும் திசைக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதற்கு இதுவே தக்க சான்று.

குளிர்ந்த, நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு மெலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் இரு ஹைட்ராக்சில் தொகுதிகளை ஒரே பக்கமாகச் சேர்க்கும்போது மீசோ டார்டாரிக் அமிலம் கிடைக்கிறது. பியூமரிக் அமிலத்தில் அதே வினை, இரு பக்கங்களிலும் சம வாய்ப்புடன் நடப்பதால், சுழிமாய்க் கலவையைத் தருகிறது. புளியமரமோ தன் நொதிகளைக் கொண்டு வலஞ்சுழி வடிவத்தை மட்டும் ஆக்குகிறது. அந்த நொதிகளும் சீர்மையற்ற மூலக்கூறுகளே.