ஜீன் இருக்கு சரி, ஆன் ஆச்சா?

லேப்ல வேலை பாக்குறேன்னு சொன்னாலே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அந்த கிருமிக்கு மருந்து கேக்குமா கேக்காதா?" நியாயமான கேள்விதான். ஆனா மருந்துக்கு அடங்காம இருக்குறது வேற, உள்ள போய் எவ்ளோ நாசம் பண்ணும்ங்கிறது வேற, அதுக்கு தனியா ஜீனுங்க இருக்கு.

அட்மிட் ஆகி 48 மணி நேரம் கழிச்சு வர்ற நிமோனியாவைத்தான் ஆஸ்பத்திரியில ஒட்டிக்கிட்டதுன்னு கணக்கு வைப்பாங்க. அதுல அடிக்கடி மாட்டுறது கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபேக்டர், ஸ்டாஃபிலோகாக்கஸ்னு நாலு கிருமிங்க. கிளெப்சியெல்லால ஒரு ரகம் இருக்கு, பிளேட்ல கூட்டமா வளந்து நிக்கிற காலனியை லூப்ங்கிற கம்பி வளையத்தால தொட்டு மெதுவா தூக்கினா கம்பிப் பதம் வந்த பாகு மாதிரி நூலா இழுபடும், 5 மில்லிமீட்டரை தாண்டினா ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ். முதல் தடவை பாத்தப்போ லூப்பை கீழ வைக்கவே மனசு வரல. பெரும்பாலும் ஆர்எம்பிஏ ஜீன் தூண்டி விடுற வேலை அது, கிருமி மேல உறை மாதிரி இருக்குற கேப்சூல் உற்பத்தியையும் அது ஏத்தி விடும், அப்புறம் நம்ம வெள்ளை அணுவால அந்த கிருமியை சுலபமா முழுங்க முடியாது.

எனக்கு பயம்னா சூடோமோனாஸோட எக்ஸோயூங்கிற நச்சு புரோட்டீன்தான். அந்த கிருமிகிட்ட ஊசி மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, அதை நம்ம செல்லுல குத்தி புரோட்டீனை நேரா உள்ள தள்ளிடும். கிருமிக்குள்ள இருக்குற வரைக்கும் எக்ஸோயூ சும்மா கிடக்கும், நம்ம செல்லுல இருக்குற யுபிக்விட்டின்ங்கிற புரோட்டீன் பட்டாதான் அதுக்கு உயிரே வரும், அப்புறம் செல்லோட சவ்வை கிழிச்சிடும். நம்ம கையை எடுத்து நம்ம கண்ணையே குத்துற வேலை! பெரும்பாலும் ஒரு சூடோமோனாஸ்கிட்ட எக்ஸோயூ ஜீன் இருந்தா, எக்ஸோஎஸ்ங்கிற இன்னொரு நச்சோட ஜீன் இருக்காது, அது இருந்தா இது இருக்காது.

ஒரு தடவை, ஜீன் இருக்கான்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட்டோட ஜெல்ல எக்ஸோயூ ஜீனோட பேண்டு பளிச்சுனு வந்துச்சு, போட்டோ எடுத்துட்டு மேடம்கிட்ட ஓடினேன். பாத்துட்டு, "இது டிஎன்ஏ தானம்மா, ஆர்என்ஏ பாத்தியா?" அப்படின்னாங்க. ஜீன் இருக்குன்னுதான் டிஎன்ஏ சொல்லும், அது ஆன் ஆச்சான்னு ஆர்என்ஏ பாத்தாதான் தெரியும். மூஞ்சி தொங்கிப் போச்சு. திரும்பி வந்து பிராத்ங்கிற சாதாரண திரவ உணவுல வளத்த அதே கிருமியில ஆர்என்ஏ பாத்தா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்ல. செல்லை தொட்டாலோ கால்சியம் கொறஞ்சாலோதான் அந்த ஊசி செட்டே ஆன் ஆகுமாம், இது தெரியாம ரெண்டு நாள் வேஸ்ட். கிருமி வளர்ற அந்த திரவத்துல கால்சியம் அதுக்கு கிடைக்காத மாதிரி கட்டிப் போட்டுட்டு வளத்தேன், அன்னிக்கு சாயங்காலமே எக்ஸோயூ ஆர்என்ஏ ஏறிடுச்சு.