ஓட்டோ கராஜில நிக்குது

எங்கட சனத்தைப் பற்றி வெளியில ஒரு கதை இருக்கு, யாழ்ப்பாணத்தார் எதையும் தாங்குவினம், எல்லாத்தையும் கண்டு வந்த சனம் எண்டு. என்ஜிஓக்காரரும் முந்தி வொர்க்‌ஷொப் வைச்சு டீயும் றோல்சும் தந்து இதைத்தான் சொன்னவை. எனக்கு அதில பாதிதான் உண்மை எண்டு படுது. ஊரோட சேந்து வாற கஷ்டத்தைத் தாங்குவம், சரி. தனிக்கு வாறதை? அதைத் தாங்கிறேல்ல, ஒளிக்கிறது.

95 ஒக்டோபர் 30, சண்டை கிட்ட வர ஊரே வெளிக்கிட்ட இடம்பெயர்வு, எனக்கு அப்ப ஏழு வயசு. கொக்குவிலில இருந்து வெளிக்கிட்டு செம்மணி வெளியால நாவற்குழிப் பாலத்துக்குப் போற ரோட்டில ராத்திரி முழுக்க மழைக்க நடை, நடை எண்டு சொல்லுறனே ஒழிய அது நடை இல்ல, ஒரு அடி வைச்சா பத்து நிமிசம் நிக்கோணும், அவ்வளவு சனம். அப்பான்ர சைக்கிள் கரியரில அம்மம்மா, ஹாண்டிலில அரிசிப் பை, அம்மான்ர கையில வறுத்த மாப்பேணி. பேந்து மீசாலையில தெரியாத ஆக்களின்ர வீட்டு விறாந்தையில 96 சித்திரை மட்டும் இருந்தனாங்கள். அம்மா இப்பவும் அந்தக் கதை வந்தா அழமாட்டா. "அந்தச் சனத்துக்குள்ள ஆர் ஆரைப் பாத்து வெக்கப்படுறது, எல்லாரும் ஒரே கோலம்தானே" எண்டுவா.

நாடே காசில்லாமல் நிண்ட 2022உம் அப்பிடித்தான் போச்சுது. 2021 முடியேக்க 177 ரூபா வித்த பெற்றோல் அடுத்த ஆனியில 470, அதுவும் இருந்தாத்தானே. ராத்திரி லைனில ஓட்டோவை விட்டுட்டு அதுக்குள்ளேயே படுத்து, முன்னுக்கு நிண்ட அண்ணை பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊத்தி, விடியக் காலமை பெற்றோல் முடிஞ்சுது எண்டு சொல்ல எல்லாரும் சேந்து சிரிச்சம். பிறகு பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். 5 லீற்றரில என்ன ஹையர் ஓடுறது? பள்ளிக்கூடமும் பூட்டு.

ஆனா ஓட்டோவுக்குக் கடன் தந்த லீசிங் கொம்பனி பூட்டேல்லயே. கொரோனாவுக்கு விட்ட தவணையும் வட்டியோட வந்து நிண்டுது. பள்ளிக்கூடம் திறந்து ஓட்டம் திரும்ப வந்த பிறகும் மாதக்காசைக் கட்டினா பழசைக் கட்டேலாது, பழசைக் கட்டினா மாதக்காசு நிக்கும், இப்பிடியே இழுத்து இழுத்து 2023 மாசியில ஒருநாள் பிள்ளையளை இறக்கிப்போட்டு வரேக்க தட்டாதெருச் சந்தியில ரண்டு பெடியள் மோட்டச்சைக்கிளில வந்து மறிச்சாங்கள். மரியாதையாத்தான் கதைச்சவங்கள், பொய் சொல்லக்கூடாது. சீஸ் பண்ண ஓடர் இருக்கு அண்ணை எண்டு பேப்பரைக் காட்டித் திறப்பை வாங்கினாங்கள். பின் சீற்றில ஒரு பிள்ளையின்ர தண்ணிப்போத்தல் கிடந்தது, ரோஸ் கலர், பொம்மைப்படம் போட்டது. அதையாவது தாங்கோ எண்டு கேட்டு வாங்கி, அதைக் கையில பிடிச்சுக்கொண்டு வீட்ட நடந்தன். 95இல நடந்தது பத்துமடங்கு தூரம் இருக்கும். ஆனா எனக்கு அந்தத் தட்டாதெரு நடைதான் கூடத் தூரமாப் பட்டுது, எதிர்ப்படுற ஒவ்வொரு முகமும் போத்தலைத்தான் பாக்கிற மாதிரி.

அம்மா கேட்டா, "ஓட்டோ எங்க?"

"கராஜில. வால்வு வேலை."

அண்டைக்கு வாயில வந்தது அது. பிறகு எல்லாருக்கும் அதுதான். பிள்ளையளின்ர தாய்மாருக்கு வால்வு வேலை, கடையில வால்வு வேலை, கோயிலில வால்வு வேலை. ஒரு பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொன்னா எனக்கே சிலநேரம் எந்தக் கராஜ் எண்டு யோசனை வரும். மனிசிக்கு மட்டும் தெரியும், அவ ஒண்டும் சொல்லேல்ல, ராத்திரி சாப்பாட்டுக்கோப்பையைக் கொஞ்சம் பலமா வைப்பா, அவ்வளவுதான்.

மூண்டாம் கிழமை பக்கத்து வீட்டு அண்ணை வேலியடியில நிண்டு கேட்டார், "தம்பி, எந்தக் கராஜ்?" நான் முழுசினன். அவர் கொஞ்சம் பொறுத்து, "எங்கட மனிசியின்ர சங்கிலியும் ரண்டு வருசமா பூட்டு மாத்தத்தான் குடுத்திருக்கு" எண்டார். நகைக்கடையிலயோ எண்டு கேட்டன். "ஓம், அடைவுக் கடையில". அண்டைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு சிரிச்சனான்.

அம்மா ஒழுங்கையில ஒரு அக்கா பிடிக்கிற சீட்டில இருக்கிறா. 20 பேர், மாதம் 10,000, மொத்தம் 2 லட்சம். முதலாவது மாதக் காசு சீட்டுப் பிடிக்கிற ஆளுக்கு, மிச்ச மாதங்களைக் கூறி எடுக்கிறது. ஆர் கூடக் கழிவு விடுறாரோ அவருக்குக் காசு, கழிவு மற்றவைக்குப் பிரியும். அதாலதான் அவசரக்காரன் எப்பவும் நட்டப்படுறது. போன மாதம் கடைக்கார ஐயா கூரை வேலைக்கு எண்டு 45,000 கேட்டும் எடுபடேல்ல, இன்னொராள் 50க்கு எடுத்தது. எனக்கு நிலுவை கட்டி ஓட்டோவை எடுக்க ஒண்டரை லட்சம் வேணும். 50,000 கழிவு போனா சரியா ஒண்டரைதான் மிஞ்சும், அதுக்கு மேல போனா சரிவராது. அம்மாவைக் கெஞ்சி இந்தமுறை நான் போறன் எண்டு பங்குனிச் சீட்டுக்குப் போனன்.

அக்கா தொடங்கச் சொன்னா. நான் சும்மா ஒரு தொடக்கத்துக்கு, "பத்தாயிரம்" எண்டன்.

ஒருத்தரும் கதைக்கேல்ல. கடைக்கார ஐயா சுவர்க் கலண்டரைப் பாத்துக்கொண்டு இருந்தார், ஒரு அம்மா பேத்தியின்ர தலையில பேன் பாத்துக்கொண்டு இருந்தா. வேலியடி அண்ணை நிலத்தைப் பாத்தார். அக்கா ஒருதரம், ரண்டுதரம் எண்டு ஆறுதலாச் சொல்லி, மூண்டுதரம் எண்டு முடிச்சுப்போட்டு கொப்பியில என்ர அம்மான்ர பேரை எழுதினா.

1,90,000. காசை எண்ணித் தரேக்கயும் சரி, வெளிக்கிட்டு வாசலில செருப்புப் போடேக்கயும் சரி, எந்தக் கராஜ் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.