ஐயா கேட்டது அது இல்லை

"இந்த சர்வீஸ் சார்ஜ்னு போட்டிருக்கே தம்பி, இது கவர்மெண்ட்டுக்குப் போறதா, உங்களுக்கா?"

ஏழாம் டேபிள் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில்: "வேண்டாம்னா எடுத்துடலாங்கய்யா."

எடுக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. இது எனக்கு உறைக்கவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் ஏதோ நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சித்திரை ஒன்று, லீவு. அந்த மாதிரி ராத்திரியில் பெங்களூரு இந்திராநகர் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேனேஜர் ஊருக்குப் போயிருந்தார். பரிமாறுகிறவர்களை மேற்பார்க்கிற சீனியர் கேப்டன் என்று ஃப்ளோர் முழுக்க என் தலையில் இருந்தது. கூட வந்த மகன் போன் பேச வெளியே போன நேரத்தில் பெரியவர் பில்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாப்பாடு 3,400. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 340. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம், 187. ஆக 3,927. மளிகைச் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். 340-ல் விரல் நின்றது.

நியாயமான சந்தேகம்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் ஏசி ஹோட்டல் பில்களில் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி இருந்தது. அது அரசாங்கத்துக்கு. பக்கத்திலேயே சர்வீஸ் சார்ஜ் என்று இன்னொன்று. அது ஹோட்டலுக்கு. பெயர் ஒரே மாதிரி இருந்ததால் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் வரி என்றே நினைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குழப்பம் எங்களுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பில்லைத் திருத்தி அடித்தேன். 3,570. பெரியவர் போனில் ஸ்கேன் செய்து கட்டினார். எழுந்திருக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு 200 ரூபாய்த் தாளை எடுத்து என் கையில் வைத்து, "எல்லாரும் பிரிச்சுக்கோங்கப்பா" என்றார். அவரோடு வந்திருந்த அம்மா, "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டார். திருப்பத்தூர் பக்கம் என்றேன். அவர்களுக்கு சேலம். வாசல் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் ஃபிங்கர் பௌலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றவன், அந்த டேபிளுக்கு இரண்டு மணி நேரம் பரிமாறிய பையன். டார்ஜிலிங் பக்கத்துக்காரன். எங்களிடம் வருவதற்கு முன் சென்னையில் வேளச்சேரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அவனுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அது எனக்கும் தெரியும். அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கடை சாத்தின பிறகு ஸ்பூன்களை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் சொன்னான்: "அண்ணா, பதினொண்ணும் அதேதான் கேட்டாங்க."

பதினோராம் டேபிளில் இரண்டு பெண்கள். எட்டரை மணிக்கு அவர்கள் அவனிடம் கேட்டது இன்னும் தெளிவான கேள்வி. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே, ஏன் போடுகிறீர்கள்? அவன் என்னிடம் வந்தான். நான் கிச்சனிலிருந்து தட்டுகள் வெளியே வருகிற கவுன்டரில் நின்று அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாலிசின்னு சொல்லு" என்றேன். போய்ச் சொன்னான். அவர்கள் கட்டினார்கள். வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒற்றை ஸ்டார் போட்டு, அவன் பேட்ஜில் இருந்த பெயரையும் எழுதி, மரியாதை தெரியாதவன் என்று ரிவ்யூ போட்டுவிட்டார்கள். நான் சொன்ன பொய்யை அவன் வாய் சொன்னது, திட்டு அவன் பெயருக்குப் போனது. ஒரு மணி நேரம் கழித்து நான் சொன்ன உண்மைக்கு "எந்த ஊருப்பா நீ" என்ற விசாரிப்பும் 200 ரூபாயும் எனக்குக் கிடைத்தன.

எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் காசு சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்று விடாமல் படித்திருந்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் போட்டது: தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, சாப்பாட்டோடு கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. அதே மாதம் 20-ம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. 2023 செப்டம்பரில், வழக்குப் போட்ட ஹோட்டல் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினர்கள் அதை 'ஸ்டாஃப் கான்ட்ரிப்யூஷன்' என்றுதான் எழுத வேண்டும், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இடைக்கால உத்தரவு. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. வழிகாட்டுதல் செல்லும், கட்டாயமாக வாங்குவது தப்பு, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் ஆளுக்கு ஒரு லட்சம் கட்ட வேண்டும்.

தீர்ப்பு வந்த அடுத்த திங்கள்கிழமை பிரீஃபிங்கில் முதலாளி சொன்னது: "அது டெல்லி கோர்ட், நமக்கில்ல. அப்பீல் போவாங்க, பார்த்துக்கலாம்." வழிகாட்டுதல் போட்டது நாடு முழுமைக்குமான ஆணையம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பதினைந்து பேர் நிற்கிற பிரீஃபிங்கில் எந்தக் கேப்டன் வாயைத் திறப்பான்?

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவர்கள் பெரிய மனசோடு அதை விட்டுக்கொடுக்கலாமே என்கிறவர்களுக்கு எங்கள் கணக்கு தெரியாது. வசூலாகிற சர்வீஸ் சார்ஜில் கால் பங்கு பிரேக்கேஜ் என்று கடை எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு எத்தனை தட்டு உடைந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. மிச்சம் பாயிண்ட் கணக்கில் பிரியும். கிச்சன், ஃப்ளோர், பாத்திரம் கழுவுகிற அண்ணன்கள் எல்லாம் சேர்த்து எங்களிடம் 60 பாயிண்ட். கேப்டனுக்கு 4, அந்தப் பையனைப் போன்ற ஸ்டூவர்டுக்கு 2. அவனுக்குச் சம்பளம் 15,000. பாயிண்ட் காசு மாதம் 6,000-க்கு மேல் வரும். அவன் ஊருக்கு அனுப்புவது இந்த 6,000-ஐத்தான்.

ஏழாம் டேபிளின் 340-ஐ இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கடைக்கு 85. மிச்சம் 255. பாயிண்டுக்கு நாலேகால் ரூபாய். அவனுக்கு 8 ரூபாய் 50 காசு. எனக்கு 17. அந்த 340-ன் மேல் அரசாங்கத்துக்குப் போகிற ஜிஎஸ்டியும் 17.

ஆக, பெரியவரின் கேள்விக்கு நேர் பதில், "கொஞ்சம் எங்களுக்கு, கொஞ்சம் முதலாளிக்கு, அதுக்கு மேல ஒரு துளி கவர்மெண்ட்டுக்கு" என்பது. அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் முகத்தை நினைத்தால், "பரவால்ல, பிள்ளைங்களுக்குத்தானே" என்று 3,927-ஐயே கட்டியிருப்பார் என்று தோன்றுகிறது. முதலாளி எடுப்பதைச் சொன்னால் மகன் வந்து சண்டை போட்டிருக்கவும் கூடும். எதுவானாலும் முடிவு அவருடையதாக இருந்திருக்கும். நான் அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கி, அதைச் சலுகை மாதிரி அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு நாள் தோன்றும், கூச்சம் என்று. இந்தியிலும் இங்கிலீஷிலும் "சர்வீஸ் சார்ஜ் சார்" என்று சொல்லும்போது என் யூனிஃபார்ம்தான் பேசுகிறது. தமிழில் அப்பா வயசு மனுஷரிடம் "இது எங்களுக்குங்கய்யா" என்றால் கையேந்துகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு நாள் தோன்றும், அது கூச்சமே இல்லை, பெருமை. நினைத்தால் பில்லைக் குறைக்கிற அதிகாரம் உள்ளவன் என்று ஊர்க்காரர் முன்னால் காட்டிக்கொண்டது. அது என் 17 ரூபாய் மட்டும் என்றால் சரி, இருபத்துச் சொச்சம் பேருடைய காசு.

அந்த 200-ஐ அன்று ராத்திரியே அவனிடம் நீட்டினேன். "எல்லாரும் பிரிச்சுக்கச் சொன்னாங்கல்ல" என்று வாங்க மறுத்துவிட்டான். டிப்ஸ் பாக்ஸில் போட்டேன். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து ஃப்ளோர் ஆட்கள் சமமாகப் பிரித்தோம். என் பங்கை நானும் வாங்கிக்கொண்டேன்.

தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எவ்வளவு டிப்ஸ் வைக்கணும்?" பில்லில் சர்வீஸ் சார்ஜ் இல்லை என்றால் 10 சதவீதம், முடியாதவர்கள் 5, எதுவானாலும் பரிமாறினவர் கையில் நோட்டாக என்பேன். டிப்ஸ் கொடுப்பவருக்கும் பரிமாறியவருக்கும் இடையிலான விஷயம். கார்டில் வருகிற டிப்ஸைப் பற்றி ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் வரி வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அது முதலாளி கொடுக்கிற சம்பளம் இல்லை, ஊழியர்களுக்காக அவர் வாங்கிக் கைமாற்றுகிற பணம் என்று. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்கிற நான் தர்ஷினி என்கிற சின்ன டிபன் கடையில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு, தட்டு எடுக்கிற அம்மாவுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. ஊர் மெஸ்ஸில் சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைத்த பழக்கமும், எல்லாம் போனில் கட்ட ஆரம்பித்த பிறகு, சில்லறை இல்லை என்ற சாக்கில் போய்விட்டது.

ஜூன் மாதம் எங்கள் பில்லிலிருந்து சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டார்கள். மெனுவில் எல்லா ஐட்டத்துக்கும் விலை ஏற்றினார்கள். ஸ்டூவர்டுகளுக்குச் சம்பளத்தில் 2,500 கூட்டினார்கள். பாயிண்ட் நின்றது. அவனுக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் குறைந்தது. ஏழாம் டேபிளுக்கு நான் செய்ததைச் சட்டம் எல்லா டேபிளுக்கும் செய்தது, அதில் அடி வாங்கினவன் அவன். சட்டம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினோராம் டேபிள் பெண்கள் கேட்டது சரி. அவர்கள் நுகர்வோர் புகார் எண்ணான 1915-க்குப் போன் போட்டிருந்தால் அதுவும் சரிதான். ஆனால் அந்த மாதச் சம்பள நாளில் அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை நினைத்தால், முன்பு இருந்ததே தேவலை என்று மனசு சொல்கிறது. செப்டம்பரில் அவன் நின்றுவிட்டான். சண்டை எதுவும் இல்லை. என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான்.

அந்த ரிவ்யூவுக்குப் பதில் போட்டது நான். மேனேஜர் லீவில் இருந்ததால் அந்த வாரம் அதுவும் என் வேலை. பழைய பதில் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன்: 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியரிடம் பேசியிருக்கிறோம்.' அவனிடம் நான் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதை ஸ்பூன் துடைத்துக்கொண்டே பேசியவன் அவன்தான். அதை அழிக்கலாம் என்று பிறகு உட்கார்ந்தபோது பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். அந்தப் பதில் அவன் பெயருக்குக் கீழே இன்னும் இருக்கிறது.