எட்டு நூல், ஓர் அங்குலம்

பிளஸ் டூ முடித்த கோடையில் இன்டீரியர் டிசைன் படிக்கப் போகிறேன் என்றதும், காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்கே ஒரே சந்தேகம்: "திரைச்சீலை மாட்டவா நான்கு வருடம் படிப்பு?" கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் தொழிற்சாலையில் கல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிற அப்பா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "எங்களுக்குக் கல் அளவு எழுதி அனுப்புகிறார்களே, அந்த வேலையா கண்ணு?" இல்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன்.

உண்மையில் நான் முதலில் ஆசைப்பட்டது பி.ஆர்க். என்கிற கட்டடக் கலைப் பட்டம். அது ஐந்து வருடம், நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. பிளஸ் டூவில் கணிதம் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. நான் கணிதம் இல்லாத உயிரியல் பிரிவு. பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது பிரிவைத் தேர்ந்தெடுக்க எங்களுக்குக் கிடைத்த நேரம் பத்து நிமிடம் இருக்கும்.

டிசைன் படிப்புக்கு அந்தத் தடை இல்லை. மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வை எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். பயிற்சி மையம் எதுவும் போகாமல், பஸ் நிலையத்தில் உட்கார்ந்து ஆட்களை வரைந்து பழகிவிட்டு ஜனவரியில் போய் எழுதினேன். கிடைக்கவில்லை. வரைவதைவிட, ஒரு பெட்டியை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிற மாதிரிக் கேள்விகளில்தான் விழுந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் கல்லூரியில் சேர்த்துவிடுகிற ஒரு தரகர். ஒரு வருட டிப்ளமோ, கையோடு வேலை, இதுவும் பட்டத்துக்குச் சமம் என்றார். முன்பணம் வரை போய்விட்டோம். கல்விக் கடன் விசாரிக்கப் போன வங்கியில் மேலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "பட்டம் கொடுப்பது யுஜிசி அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகமா, இல்லை அவர்களே அச்சடித்துக் கொடுக்கிற சான்றிதழா?" தரகரிடம் அதையே கேட்டேன். அத்தோடு அவர் பேச்சு நின்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்தவர்தான் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆறு வாரப் பயிற்சியும் நான்கு வருடப் பட்டமும் ஒரே பெயரில் சுவரொட்டியில் நிற்பது அதனால்தான்.

கடைசியில் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி, நான்கு வருட பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டம். அவர்களே நுழைவுத் தேர்வு வைத்து, நாம் வரைந்தவற்றையும் பார்த்துத்தான் எடுத்தார்கள். நான் கொண்டுபோனதில் பாதி மாங்காய் மண்டிப் படங்கள்.

முதல் வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 594க்கு 841 மில்லிமீட்டர் தாளில் கோடு, கோடு, கோடு. ஒரே தடிமனில் கோடு வரவில்லையென்றால் திரும்பவும் முதலிலிருந்து. நான் தமிழ் வழியில் படித்தவள். வகுப்பில் 'ஃபெனஸ்ட்ரேஷன்' என்று ஒரு வாரம் பேசினார்கள். கதவு, ஜன்னல் திறப்புகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அட்டையில் செய்த வீட்டு மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வருவேன். அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் கூட்டம் ஏறும்போது யாராவது ஒருவர் கூரையில் முழங்கையை ஊன்றிவிடுவார். ஒருமுறை நடத்துனர் எட்டிப் பார்த்து, "வீட்டுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா பாப்பா?" என்றார்.

இரண்டாம் வருடம் உடலளவுகள் பற்றிய பாடம் வந்தது. அங்கிருந்துதான் எனக்குப் படிப்பு தொடங்கியது என்பேன். லெ கொர்பூசியே என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், மனித உடலை வைத்து மாடுலோர் என்று ஓர் அளவு முறையை உருவாக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மனிதனின் உயரம் 183 சென்டிமீட்டர், ஆறு அடி. எங்கள் தெருவில் அந்த உயரத்தில் ஒருவர்கூடக் கிடையாது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) 1997இல் இந்திய உடலளவுகளைத் தனியாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் வரைபடத்தில் சமையல் மேடை என்றால் எங்கள் கை தானாக 850 மில்லிமீட்டர் போட்டுவிடும்.

அந்த வாரம் ஊருக்கு வந்தபோது அம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா 4 அடி 10 அங்குலம். அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு மணைப்பலகை கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. கொதிக்கிற குழம்பைக் கிளற அம்மா அதன்மேல் ஏறுவார், மிளகாய் எடுக்க இறங்குவார், மறுபடி ஏறுவார். மேடையை அளந்தேன், 34 அங்குலம். அம்மாவின் முழங்கை தரையிலிருந்து 36 அங்குலத்தில் இருந்தது. முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் கைக்கு நல்லது என்று அப்போதுதான் பரீட்சைக்கு எழுதியிருந்தேன். இங்கே வித்தியாசம் இரண்டே அங்குலம். மேலே அடுப்பும் குண்டானும் ஏறினால் விளிம்பு தோளைத் தொடும். "கொத்தனார் எல்லா வீட்டுக்கும் போடுகிற அளவுதான்டி" என்றார் அம்மா, மணையிலிருந்து இறங்கியபடி.

இதையெல்லாம் கற்றுவிட்ட கர்வத்தோடு மூன்றாம் வருடப் பயிற்சிக்குப் போனேன். ஒரு சிறிய நிறுவனம். முதல் மாதம் கணினியில் படம் மட்டும். இரண்டாம் மாதம், ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையை அளந்து வரச் சொன்னார்கள். எல் வடிவ மேடை, நீளப் பக்கம் 8 அடி. இரண்டு சுவரையும் அளந்தேன், மூலையில் 90 பாகை என்று வரைந்தேன், ஆழம் 600 மில்லிமீட்டர் என்று போட்டேன். கல் அறுபட்டு வந்தது.

கல்லைப் பொருத்திய அன்று அங்கே இருந்தேன். மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அங்கிருந்து நகர நகர, கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி ஆப்பு மாதிரி விரிந்துகொண்டே போய், கடைசி முனையில் என் சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. நிறுவனத்தின் பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வேலையில் இருந்த ஆசாரி தர்மபுரிக்காரர், அறுபது வயதிருக்கும். டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு நூல்" என்றார். எனக்குப் புரியவில்லை. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்று, பென்சிலால் பலகையில் கோடு போட்டுக் காட்டினார். அப்படியானால் முக்கால் அங்குலம். "மூலைமட்டம் வைத்துப் பார்த்தாயா பாப்பா?" இல்லை. "சரி, இங்கே வா."

மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடிக்கு ஒரு குறி. அடுத்த சுவரில் 4 அடிக்கு ஒரு குறி. இரண்டுக்கும் குறுக்கே டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். "எவ்வளவு காட்டுகிறது?" 5 அடி 2 நூல். "சரியான மூலையாக இருந்தால் 5 அடி நிற்கும். 2 நூல் கூட என்றால் மூலை விரிந்திருக்கிறது." ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, பித்தகோரஸ் தேற்றத்தை நான் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அதை ஒரு சுவரின்மேல் வைத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒட்டும் டைலும் அதற்குப் பின்னால் போகிற கலவையும் சேர்ந்தால் ஆறு நூலை மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டார் ஆசாரி. முனையில் கலவையைக் கொஞ்சம் கனமாகவும் மூலையில் மெல்லியதாகவும் வைத்து ஒட்டினார்கள். வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. அன்று மாலை பொறியாளர் என்னைத் திட்டியதை இங்கே எழுதவில்லை.

அதற்குப் பிறகு பயிற்சி முடியும் வரை ஆசாரி போகிற இடமெல்லாம் போனேன். பிளைவுட்டில் ஐஎஸ் 303, ஐஎஸ் 710 என்று தர முத்திரை இருக்கும், சிங்க்கின் அடியில் தண்ணீர் தாங்குகிற 710 போடு, நனைகிற இடத்துக்கு மலிவானது வேண்டாம் என்பதெல்லாம் புத்தகத்திலும் இருந்ததுதான். ஆனால் 8க்கு 4 அடிப் பலகையை வீணாகாமல் எப்படிப் பிரிப்பது என்பதை, வெட்டுவதற்கு முன் அவர் கால் மணி நேரம் பலகையை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் பயிற்சிக்கு இடம் தேடும்போது, குளிர்சாதன அறை எவ்வளவு பெரியது என்று பார்க்காமல், வாரத்தில் எத்தனை நாள் வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள்.

நான்காம் வருடம் இறுதித் திட்டம், நடுவர்கள், தூங்காத இரவுகள். எல்லோருக்கும் நடப்பதுதான். பட்டம் வந்தது, ஓசூரில் வேலையும் கிடைத்தது.

முதல் சம்பளத்தில் எங்கள் வீட்டு மேடையை இடித்தோம். அப்பா தொழிற்சாலையில் உடைந்து ஒதுக்கிய ஒரு பலகைக் கல்லைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். உயரம் 31 அங்குலம் என்று அம்மாவை நிற்கவைத்து முடிவு செய்தேன். மூலையில் 3, 4, 5 பார்த்தேன். ஒரு நூல் கூட இருந்தது. அப்பா பென்சிலோடு கல்லருகே குந்தியிருந்தார். "ஆழம் 584 மில்லிமீட்டர்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "23 அங்குலம்" என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு தன் டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், ஒருமுறை தானே அளந்துவிட்டு வந்தார்.