ஆடி மாதத்தில் ஒரு ஸ்டுடியோ: நாட்குறிப்பு

17 ஜூலை 2025, வியாழன்

இன்றைக்கு ஆடி ஒன்று. ஆவணி பிறக்கும்வரை முகூர்த்தம் கிடையாது என்பதால் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் பலர் மதியம் திறந்து சாயங்காலமே அடைத்துவிடுவார்கள். எனக்கு இது கணக்குப் பார்க்கிற மாதம். பக்கத்து ஊர்களில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் "வியாபாரம் எப்படி ஓட்டுறீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், இந்த ஆடியில் மனதில் படுவதை அப்பப்போ இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கேமரா பெட்டி. புதுக் கேமராவை வாங்கி அலமாரியில் அடுக்கி விற்கும் காலம் சின்ன ஊர்க் கடைக்கு முடிந்துவிட்டது. 2019 ஜனவரியில் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது இனி விற்பனை சூடு பிடிக்கும் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நம்பினார்கள், ஆனால் அந்த வரி ஆன்லைனில் விற்பவருக்கும் சேர்த்துத்தானே குறைந்தது. அவர்கள் தள்ளுபடி நாளில் போடும் விலைக்கு நமக்கு டீலரிடமிருந்து சரக்கே வராது. பெட்டி ஆறு மாதம் அலமாரியில் இருந்தால் புது மாடல் வந்துவிடும், போட்ட பணம் அங்கேயே கிடக்கும். யாராவது கேமரா கேட்டு வந்தால் முழுப் பணத்தை வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள். இருப்பு வைப்பதென்றால் மெமரி கார்டு, பேட்டரி, சார்ஜர், கார்டு ரீடர் வையுங்கள். மண்டபத்தில் நின்றுகொண்டு கார்டு போதவில்லை என்று ஓடி வருகிறவர் விலையை ஆன்லைனில் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். ஆனால் கார்டு ஒரிஜினலாக இருக்க வேண்டும். டூப்ளிகேட் கார்டில் ஒருவர் கல்யாணமே போய்விடும்.

19 ஜூலை, சனி

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வு அறிவிப்பு 15ஆம் தேதி வந்துவிட்டது, விண்ணப்பிக்க ஆகஸ்ட் 13 கடைசி. காலையிலிருந்து கூட்டம். சுவாமிமலையிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். "அண்ணா, பிரவுசிங் சென்டர்ல போட்டோ ஏறவே மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தால், பிரிண்ட் போட்ட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை மேசைமேல் வைத்து மொபைலில் எடுத்திருக்கிறார்கள், மேலே டியூப்லைட் பளபளப்பு வேறு. படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். புதிதாக எடுத்து, வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து, இரண்டையும் வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பினேன். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும், நாம் பார்த்துப் பார்த்து வைத்த அளவு மாறிவிடும். இதைக் கடைப் பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஆளைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி உட்காரவைத்தால் பின்னால் நிழல் விழாது. வெள்ளைச் சட்டையில் வந்தால் தோள் பேக்ரவுண்டோடு கரைந்துவிடும், அதனால் கடையில் ஒரு அடர்நீலச் சட்டையும் துப்பட்டாவும் துவைத்து இஸ்திரி போட்டு எப்போதும் வைத்திருங்கள். பாஸ்போர்ட் ஆபீசில் பெரியவர்களை அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள், நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத்தான் நாம் எடுக்க வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையை வெள்ளை விரிப்பில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பதுதான் சுலபம். அமெரிக்க விசாவுக்கு 2க்கு 2 இன்ச், கண்ணாடி போடக் கூடாது, அது 2016 நவம்பரிலிருந்தே விதி. இந்த அளவுகளையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி கவுண்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அப்புறம், "விண்ணப்பத்தில் ஏறாவிட்டால் இலவசமாகத் திரும்ப எடுத்துத் தருவோம்" என்று வெளியே போர்டு வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையைவிட இருபது ரூபாய் கூடவே வாங்குங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

24 ஜூலை, வியாழன்

பிரிண்டர் பற்றி ஒரு தம்பி போனில் கேட்டான். கெமிக்கலில் கழுவிப் படம் போடும் பழைய மினிலேப் மெஷினைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றாலும் வாங்காதே என்றேன். தினமும் நிறைய பேப்பர் ஓடினால்தான் அந்தக் கெமிக்கல் நிலையாக இருக்கும், ஓட்டம் குறைந்தால் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கெமிக்கல் காற்றுப்பட்டுக் கெட்டு, படத்தின் நிறம் தள்ளாட ஆரம்பித்துவிடும். சின்னக் கடைக்கு, ரிப்பனில் உள்ள நிறத்தைச் சூட்டினால் தாளில் ஏற்றும் தெர்மல் பிரிண்டர் போதும். நான் வைத்திருக்கும் டிஎன்பி கம்பெனி பிரிண்டரில் ஒரு ரோலுக்கு 4க்கு 6 சைஸில் 700 பிரிண்ட். படம் இருட்டாக இருந்தாலும் வெளிச்சமாக இருந்தாலும் செலவு ஒன்றுதான், ரோல் விலையை 700ஆல் வகுத்தால் அடக்கம் தெரிந்துவிடும். ஒரு 4க்கு 6 தாளில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு விழும். பெரிய சைஸுக்கு மை ஊற்றும் இங்க்டேங்க் பிரிண்டர் வைத்திருந்தால் வேலை இல்லாத நாளிலும் காலையில் எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு தாள் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

29 ஜூலை, செவ்வாய்

நேற்று ராத்திரி ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒரு பையன் பைக்கில் வந்தான். "அண்ணே, அப்பா போயிட்டாங்க. காலையில எடுக்குறோம். படம் ஒண்ணு வேணும்." கையில் ஆதார் அட்டை. அதில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கினால் சாம்பல் புள்ளிகள்தான் மிஞ்சும்.

"வீட்டுல கல்யாண ஆல்பம் எதுவும் இருக்கா தம்பி, அக்கா கல்யாணம் மாதிரி?"

போய் எடுத்து வந்தான். பந்தி வாசலில் ஓரமாக, தோளில் துண்டோடு நிற்கிறார், முகம் சுண்டுவிரல் நகம் அளவு. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். இப்போது எல்லோரும் வைத்திருக்கும் ஏஐ மென்பொருளில் போட்டேன், ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஒரு முகம் வந்தது. ஆனால் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு காணாமல் போயிருந்தது, பல்வரிசை ஒழுங்காகியிருந்தது, கண் வேறு யாருடைய கண்ணோ. அதை அப்படியே மூடிவிட்டு, ஸ்கேனை எடுத்துக் கையாலேயே செய்தேன். பக்கத்தில் நின்றவர் தோளை வெட்டி, பின்னணியை வெளிர்நீலமாக்கி, நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கி. கொஞ்சம் மங்கல்தான். பிரிண்ட் போடுவதற்கு முன் பையனின் மொபைலிலிருந்து அவன் அத்தைக்கு அனுப்பச் சொன்னேன். "எங்க அண்ணந்தான்" என்று அந்த அம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். 12க்கு 18 பிரிண்ட், லேமினேஷன், பிரேம், எல்லாம் முடிய நள்ளிரவு.

நண்பர்களே, இந்த வேலைக்கு 12க்கு 18 பிரேம் எப்போதும் கடையில் தயாராக இருக்கட்டும். ராத்திரி என்பதற்காக விலையைக் கூட்டாதீர்கள். எல்லா வேலைக்கும் முன்பணம் கேளுங்கள் என்று அடித்துச் சொல்கிற நான், இந்த ஒன்றுக்கு மட்டும் பில்லை எழுதிக் கொடுத்து, காரியம் முடிந்து வந்து கொடுங்கள் என்று அனுப்பிவிடுவேன். கொடுக்காமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை. பதினாறாம் நாளுக்குள் அண்ணன் தம்பி, மகள்கள் என்று ஆளுக்கொரு பிரதி கேட்டு அதே வீட்டிலிருந்து வருவார்கள், அதனால் பைலைப் பெயரும் ஊரும் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தை மட்டும் பிரிக்காதீர்கள், படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு உரிந்து வந்துவிடும், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிடலாம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பையனை பேட்டரியில் ஓடும் கேனான் செல்ஃபி பிரிண்டரோடு காவிரிப் படித்துறைக்கு அனுப்பினேன். தாலிக்கயிறு மாற்ற வந்த புதுப்பெண்கள், மாமியார், குழந்தைகள், எல்லோருக்கும் ஒரு நிமிடத்துக்குள் கையில் படம். பத்து மணிக்கே தாள் தீர்ந்து திரும்பி வந்துவிட்டான்.

6 ஆகஸ்ட், புதன்

செகண்ட் ஹேண்ட் நல்ல வியாபாரம், புதுக் கேமராவில் கிடைக்காத மார்ஜின் இதில் கிடைக்கும். வாங்கும்போது லென்ஸின் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வெளிச்சம் புகும் துவாரமான அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நம் டெல்டா ஈரத்துக்குச் சிலந்திவலை மாதிரி பங்கஸ், அதாவது பூஞ்சை, படர்ந்திருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது, டார்ச்சில் தெரியும். அப்படிப்பட்டதை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். டிரை கேபினெட்டில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது, அது வாங்க முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும்.

விற்க வருபவரிடம் பழைய பில், அடையாள அட்டை நகல், சீரியல் நம்பர் எழுதிய கையெழுத்துத் தாள், மூன்றும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி விதி 32(5) பற்றிக் கேளுங்கள். பழைய பொருளை வாங்கி, அதன் தன்மை மாறாமல் விற்றால், வாங்கியபோது கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாகக் கழித்துக்கொள்ளாதவரை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். முழு விலைக்கும் வரி கட்டிக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

ஆவணி முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வர ஆரம்பித்துவிட்டது. எங்கள் தொழிலில் பணம் முடங்குகிற இடம் ஆல்பம்தான். ஆல்பம் அச்சடிக்கும் லேப்புக்கு நாம் கையிலிருந்து கட்ட வேண்டும், வீட்டுக்காரர்களோ படம் தேர்ந்தெடுக்காமல் மாதக்கணக்கில் இழுப்பார்கள், அதற்குள் குழந்தையே பிறந்துவிடும். ஒரு வீட்டு 12க்கு 36 ஆல்பம் என் அலமாரியில் ரெடியாகக் கிடக்கிறது, போன் செய்தால் "அடுத்த வாரம் வர்றோம் சார்."

அதனால் பேசும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள், தமிழில். புக்கிங்கில் பாதி, கல்யாணத்தன்று சாயங்காலம் நாற்பது சதவீதம், ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதிப் பத்து. முப்பது நாளில் படம் தேர்ந்தெடுக்காவிட்டால் நாங்களே தேர்ந்தெடுப்போம் என்று ஒரு வரி. எத்தனை மாதம் பைல்களை வைத்திருப்போம் என்று இன்னொரு வரி. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஷோகேஸிலோ இன்ஸ்டாகிராமிலோ பெண் மாப்பிள்ளை படத்தைப் போட ஆசைப்பட்டால் அதற்கும் அதே தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று உலகப் புகைப்பட தினம், 1839இல் டாகேர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறையை பிரான்ஸ் அரசு உலகத்துக்கு அறிவித்த நாள். கடையில் மொபைல் பிரிண்டுக்குப் பாதி விலை என்று எழுதிப் போட்டேன், காலேஜ் பிள்ளைகள் நிறைய வந்தார்கள்.

ஒரு பெண் பிரிண்ட் வாங்கிய பிறகும் கவுண்டர் பக்கமே தயங்கி நின்றாள். "என்னம்மா?" "அண்ணா, அந்தப் படம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா?" திரையை அவள் பக்கம் திருப்பி, வாட்ஸ்அப்பிலிருந்தும் டவுன்லோட் போல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அவள் எதிரிலேயே அழித்துக் காட்டினேன். கேட்காமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இனி மொபைல் பிரிண்டுக்கு வரும் எல்லோருக்கும் பணம் வாங்கும் முன்பே இப்படி அழித்துக் காட்ட வேண்டும் என்று பையன்களிடம் சொல்லியாயிற்று. நாளைக்கு பிளெக்ஸ் கடையில் சொல்லி அதற்கும் ஒரு போர்டு அடிக்கக் கொடுக்க வேண்டும்.