ஏழரைக்கு வரும் கடல்

வேன்லேர்ந்து இன்னும் மணல் கூட்டி முடியல. ஆனா இப்பவே எழுதிடணும், இல்லேன்னா வீட்டுக்காரி தங்கமணியோட வெர்ஷன் முந்திக்கும், அதுல நான் எப்பவும் போல காமெடி பீஸாத்தான் வருவேன்.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அம்மா ஃப்ளைட் விட்டு இறங்கின நாள்லேர்ந்து ஒரே பாட்டு, "இந்த வருஷம் அப்பாவுக்குக் கடல்ல எள்ளும் தண்ணியும் இறைக்கணும்டா". நாகப்பட்டினத்துல இருந்தா செருப்பு போடாமலே நடந்து போயிடலாம், விசேஷமா செய்யணும்னா பூம்புகார். இங்கிலாந்துல நாங்க இருக்கிற ஸ்விண்டன்ல என்ன இருக்கு? ஒரு பெரிய ரவுண்டானா, அதைச் சுத்தி அஞ்சு குட்டி ரவுண்டானா. நவக்கிரகம் மாதிரி சுத்தி வரலாம், தலை முழுக முடியாது.

கிட்டக்க கடல் எங்கன்னு பாத்தா வெஸ்டன்-சூப்பர்-மேர். மேர்னா லத்தீன்ல கடலாம். பேர்லயே கடலை வச்சிருக்கான், பக்கத்துல சூப்பர்னு வேற போட்டிருக்கான், இதுக்கு மேல என்ன உத்தரவாதம் வேணும்னு நானும் நம்பிட்டேன். கார்ல போயிருந்தா ஒண்ணேகால் மணி நேரம். ஆனா நம்ம வீட்டு வாசல்லதான் அடுப்பு, டாய்லெட்டோட அந்த கேம்பர் வேன் நிக்குதே. அதை வாங்கினதுலேர்ந்து மூணு தடவைதான் ஓட்டிருக்கேன், அதுல ரெண்டு தடவை வருஷா வருஷம் வண்டியைக் காட்டற எம்ஓடி டெஸ்டுக்கு. "வாங்கிப் போட்டதை எடுக்காம என்ன, அது என்ன பாத்திரமா பரண்ல கிடக்க"ன்னு தங்கமணி கேட்டதுல ரோஷம் வந்து எடுத்துட்டேன்.

அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சு தலைக்கு ஊத்திக்கிட்டு வாழைக்கா, பூசணிக்கா, உளுந்து வடை, பாயாசம்னு முடிச்சு ஹாட்பாக்ஸ்ல கட்டிட்டாங்க. வேன்ல வந்து சமைச்சுக்கலாமேன்னு நான் சொன்னது தப்பாப் போச்சு. அடுப்புக்கும் அந்த டாய்லெட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு சாணால அளந்து பாத்தாங்க. நாலு சாண். அவ்வளவுதான், நடுவுல ஒரு பழைய புடவையைக் கட்டி மறைச்சு, ஹாட்பாக்ஸை மடியில வச்சுக்கிட்டே உக்காந்துட்டாங்க. அந்த டாய்லெட்டை சூட்கேஸ் மாதிரி உருவி எடுத்துட்டுப் போயி கொட்டணும்னு பையன் வேற பாட்டிக்கு ஆர்வமா விளக்கினான். அதுலேர்ந்து வேன்ல இருந்த எந்த சூட்கேஸையும் அவங்க தொடல.

ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குப் போய்ச் சேர்றதா பிளான். எம்4 ஹைவேல இளைப்பாற நிறுத்துற லீ டெலமியர் சர்வீஸ்கிட்ட வண்டி ரேடியேட்டர்லேர்ந்து சாம்பிராணி போட ஆரம்பிச்சிருச்சு. ரெண்டரை மணி நேரம் அங்கயே உக்காந்து ஆற விட்டு, தண்ணி ஊத்தி, மறுபடி ஆற விட்டு, அப்புறம் எம்4லேர்ந்து எம்5க்குத் திரும்புற எடத்துல பாத்தா இங்கிலாந்துல இருக்கிற அத்தனை பேரும் பிள்ளைங்களையும் சைக்கிளையும் ஏத்திக்கிட்டு டெவனுக்குப் போறான். ஊரைத் தொட்டப்போ மணி பன்னெண்டே முக்கால். அப்புறம் பார்க்கிங். ரெண்டு கார் பார்க், ரெண்டுலயும் வாசல்ல ஒரு இரும்புக் கம்பி, இதுக்கு மேல உயரம் இருந்தா உள்ள வராதேன்னு. நம்ம வேன் ரெண்டே முக்கால் மீட்டர். கோபுரத்தோட கட்டின வண்டியை வச்சுக்கிட்டு கருவறைக்குள்ள நுழைய முடியுமா? ஊரை நாலு சுத்து சுத்தி, கடைசியா கடற்கரை ரோட்டோரமா ஒரு எடம் கெடச்சு, அம்மாவைக் கைதாங்கலா இறக்கி, "இந்தா பாருங்க கடல்"னு பெருமையா கையை நீட்டினேன்.

கடல் இல்ல.

விளையாட்டுக்குச் சொல்லல. மணல் இருக்கு, மணலுக்கு அப்புறம் பழுப்பா ஒரு பளபளப்பு, சேறு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சேறு, அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு கோடு, அது தண்ணியா மேகமான்னு அந்த ஊர்க்காரனுக்கே சந்தேகமா இருக்கும். கடலுக்குள்ள நீளமா நீட்டிக் கட்டின மேடை, பியர்ம்பாங்க, பெருசா ஒண்ணு, 1904ல கட்டினது, 2008ல எரிஞ்சு போயி 2010ல மறுபடி கட்டித் திறந்தாங்களே அதேதான், அது பாட்டுக்கு வறண்ட மணல்ல கால் ஊனி நிக்குது, தண்ணியில்லாத ஆத்துக்குக் கட்டின பாலம் மாதிரி. நடுவுல வரிசையா கழுதைங்க. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மணல்ல போகும், 1880கள்லேர்ந்து இங்க இதான் தொழிலாம். கடலைத் தேடி வந்தவனைக் கழுதை பாக்குது. நம்மூர் கடைல மாட்டி வச்சிருக்கிற "என்னைப் பார் யோகம் வரும்" படம்தான் ஞாபகம் வந்துச்சு. நானும் பாத்தேன். வரல.

அம்மா மட்டும் ஒண்ணும் பேசாம வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. முகம் வெளுத்துப் போச்சு.

"தம்பி, கடல் உள்வாங்கிருச்சுடா. பிள்ளையைத் தூக்கு. வண்டியை எடு."

எனக்கு ஒரு செகண்ட் கழிச்சுதான் உறைச்சுது. சுனாமிக்கு அப்புறம் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்ததில்ல, உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான். திருச்செந்தூர்ல கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்னு டிவில கீழ ஓடினாலே ஊர்ல வீட்டைப் பூட்டிட்டு சித்தி வீட்டுக்குப் போற ஆளு. அவங்களைக் கூட்டிட்டு வந்து ஒரு மைல் தூரத்துக்குக் கடல் இல்லாத எடத்துல நிறுத்திருக்கேன், அதுவும் அமாவாசை அன்னிக்கு.

பையன்தான் காப்பாத்தினான். "பாட்டி, டெய்லி ரெண்டு தடவை போயிட்டுப் போயிட்டு வரும், ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. நியூ மூன் அன்னிக்கு சன்னும் மூனும் ஒரே லைன்ல நின்னு இழுக்கும், அதனால ரொம்ப தூரம் போகும்." அம்மா அவனையே பாத்துட்டு, "அதைத்தானேடா நாங்க அமாவாசைங்கறோம்"னாங்க. ஆக, எந்த நாள்ல கடல் வேணும்னு வந்தமோ, அந்த நாள்லதான் அது அதிக தூரம் போகுமாம். இந்தப் பக்கத்துக் கடல் உச்சத்துல 14 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்குமாம், உலகத்துலேயே ரெண்டாவதோ மூணாவதோ. நாகப்பட்டினத்துல ஒரு மீட்டர் கூட வராது. நம்ம கடல் வீட்டோட கிடக்கிற கடல். இது ஷிஃப்ட்ல வேலை பாக்குது.

நான் விடுவனா. வேட்டியைக் கட்டி, மேல அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி, கைல பித்தளைச் சொம்போட தண்ணியைத் தேடிக் கிளம்பிட்டேன். மடக்கு நாற்காலி போட்டு ஃபிளாஸ்க்ல டீ குடிச்சிக்கிட்டிருந்த ஒரு வெள்ளக்காரப் பாட்டி கூப்பிட்டு, "கடலையா தேடுற, மை லவ்வர்? இப்பத்தான் கிளம்பிப் போச்சு, ஏழரைக்கு வரும்"னு சொன்னாங்க. இந்தப் பக்கம் பஸ் டிரைவர்லேர்ந்து எல்லாரும் எல்லாரையும் மை லவ்வர்னுதான் கூப்பிடுவாங்க. இது தங்கமணிக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் அப்படி ஒரு பார்வை. அதுக்கு மேல பத்து நிமிஷம் நடந்தேன், கணுக்கால் வரைக்கும் உள்ள போயிருச்சு, ஒரு செருப்பு வரவே மாட்டேங்குது. கரைலேர்ந்து ஒருத்தர் விசில் ஊதி, கையை ஆட்டி, போர்டைக் காட்டி, நாலு தெரு கேக்குற மாதிரி திட்டினாரு. புதைசேறாம். வருஷா வருஷம் என்னை மாதிரி புத்திசாலிங்களை உருவி எடுக்கறதுக்குன்னே கோஸ்ட்கார்டுல தனியா ஆள் வச்சிருக்காங்க. செருப்பு இன்னும் அங்கதான் இருக்கு.

வடக்குப் பக்கம் மரைன் லேக்னு ஒண்ணு இருக்கு, கடல் ஓடிப் போற வழக்கம் தெரிஞ்சு 1920கள்லயே சுவர் வச்சு அதுல கொஞ்சத்தைப் பிடிச்சு அடைச்சிருக்கானுங்க. "அத்தை, இதுவும் கடல் தண்ணிதானே, இங்கயே முடிச்சிரலாமே"ன்னு தங்கமணி கேட்டதுக்கு, "அது தொட்டி"ன்னு ஒரே வார்த்தை. நான் ஊர் ஐயருக்கு வாட்ஸாப்ல போட்டேன், அங்க சாயங்காலம் ஆறு தாண்டிருச்சு. செவர்ன் ஆறு வந்து சேர்ற கடல் இதுன்னு மேப்பைக் காட்டினதும் குஷியாயிட்டாரு. "ஆறும் கடலும் கலக்குற எடமா, சங்கமம், பூம்புகார் மாதிரி. காலைல முடிக்கலேன்னா தண்ணி வர்றப்ப பண்ணுங்கோ, மனசுதான் முக்கியம்." அடுத்த மெசேஜ்லயே ஜிபே நம்பர்.

இப்ப கணக்குப் போடுங்க. மணி ரெண்டு. கடல் ஏழரைக்கு. கடமை முடியற வரைக்கும் எனக்கும் அம்மாவுக்கும் பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் கிடையாது. சுத்தி நாலா பக்கமும் மீன் வறுவல், சிப்ஸ், சுடச்சுட டோனட். தங்கமணியும் பையனும் ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வினிகரை ஊத்தி என் கண்ணு முன்னாலயே தின்னாங்க. "ஒனக்கு விரதம், எனக்கு லீவு." இந்தக் கல்யாணத்தைப் பத்தி வேற ஒரு நாள் எழுதறேன்.

நேரம் போக்க ஊரைச் சுத்தினோம். பாதிக் கடை ஷட்டர் சாத்திக் கிடக்கு, ஹோட்டல் போர்டுல எழுத்து உதிர்ந்திருக்கு. ஒரு காலத்துல ரயிலு ரயிலா பர்மிங்காம் ஜனம் வந்து இறங்கின ஊரு, ஸ்பெயினுக்கு மலிவா பிளேன் விட்டதும் எல்லாம் அங்க போயிருச்சு. இழுத்து மூடிக் கிடந்த நீச்சல் குளத்துலதான் 2015ல சுவர்ல படம் வரையற பேங்க்ஸி வந்து டிஸ்மாலேண்டுனு அழுமூஞ்சி எக்ஸிபிஷன் வச்சாரு, மூணு பவுண்டு டிக்கெட், அஞ்சு வாரம் கூட்டம் அள்ளுச்சு. சோகத்துக்கும் டிக்கெட் போட்டு விக்கலாம்னு அந்த ஊருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் ஏறல. ரெண்டு பென்ஸ் காசைப் போட்டுக் காசைத் தள்ளுற மிஷின் மட்டும் பிடிச்சுப் போச்சு. முப்பத்தெட்டு பென்ஸ் ஜெயிச்சாங்க. போட்டது மூணு பவுண்டு.

ஆறு மணிக்கெல்லாம் திரும்பி வந்து படிக்கட்டுகிட்ட உக்காந்தாச்சு. அங்க போர்டுல அன்னிக்கு எத்தனை மணிக்கு தண்ணி ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும்னு எழுதி வச்சிருந்துச்சு. 19.31. அம்மா என் வாட்சைக் கழட்டி வாங்கிக் கைல வச்சுக்கிட்டாங்க. கோடா இருந்தது பட்டையாச்சு, பட்டை விரிஞ்சு சேறு மேல நழுவி நழுவி வருது, அலைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, நடந்தே வருது. நான் பாத்துக்கிட்டே இருக்கறப்பவே கழுதை நின்ன எடத்துக்குக் கிட்ட வந்திருச்சு. ஏழரைக்குக் கடைசிப் படி முங்கிப் போச்சு.

அம்மா போர்டைப் பாத்தாங்க, வாட்சைப் பாத்தாங்க.

"சொன்ன டைமுக்கு வந்துருச்சேடா." கொஞ்சம் நேரம் கழிச்சு, "நம்மூர்லயும் அன்னிக்கு இப்படி ஒரு போர்டு..."ன்னு ஆரம்பிச்சவங்க நிறுத்திட்டு, "வடை ஊசிருக்கப் போவுது, பாரு"ன்னாங்க.

எள்ளும் தண்ணியும் இறைச்சேன். தண்ணி டிகாக்ஷன் கலர், ஜூலை மாசத்துலயும் விரல் மரத்துப் போற குளிர். அப்பா பேரு, தாத்தா பேரு, கொள்ளுத் தாத்தா பேரு மறந்து போயி அம்மா பின்னாடிலேர்ந்து எடுத்துக் குடுத்தாங்க. அப்புறம் காக்காவுக்குச் சோறு. இலையில சாதம், வாழைக்கா, மேல ஒரு வடை, சுவர் மேல வச்சாச்சு. பையன் கா கான்னு கத்துறான். ஊர்ல ஒரு காக்கா இல்ல. வந்தது சீகல். கோழி சைஸுக்கு ஒண்ணு தடால்னு இறங்கி, அந்த மஞ்சக் கண்ணால எங்க நாலு பேரையும் ஒரு முறை முறைச்சுட்டு, வடையை மட்டும் முழுசாக் கவ்விக்கிட்டுப் போயிருச்சு.

சீகலுக்குத் தீனி போடாதேன்னு பக்கத்துலயே போர்டு இருக்கு, ஃபைன் வருமோன்னு எனக்குக் கவலை. அம்மா இலையைக் குனிஞ்சு பாத்தாங்க.

"சாதத்தைத் தொடல. வாழைக்காயைத் தொடல." முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. "அவருதான்டா."

நேத்து ஆபீஸ் கால்ல இருந்தேன், கிளையன்ட் ஏதோ பேசிக்கிட்டிருக்கான். கடல் எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு சொல்ற ஆப்பை பையன் பாட்டி போன்ல போட்டுக் குடுத்துட்டான் போல. மியூட் பண்ண மறந்துட்டேன், கிச்சன்லேர்ந்து கணீர்னு குரல்: "தம்பி, கடல் கிளம்பிருச்சுடா!"